பந்து வராத நேரம்

பந்து அந்தப் பக்கம் கிடந்தது. அந்தப் பக்கம் என்றால் மைதானத்தின் மறுகோடி, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், யார் மட்டை யார் மட்டையில் மோதுகிறது என்றே தெரியாத தூரம்; சத்தம் மட்டும் டக் டக்கென்று கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தது. இந்தப் பக்கம் கோலுக்கு முன்னால் முப்புடாதி தனியாக நின்றாள். முழங்காலுக்கு மேல் வரை பேட், நெஞ்சில் பலகை மாதிரி கார்டு, கையில் தலையணை மாதிரி கிளவுஸ், தலையில் ஹெல்மெட். மூக்கு நுனியில் ஒரு அரிப்பு. சொறிய முடியாது. கம்பிக்குள் கிளவுஸ் நுழையாது, ஹெல்மெட்டைக் கழற்றினால் அந்த நேரம் பார்த்துப் பந்து வரும், ஹாக்கி கீப்பருக்கு எல்லாமே அந்த நேரம் பார்த்துத்தான் நடக்கும். மூக்கைச் சுளித்தாள், கீழுதட்டை நீட்டி மேல் பக்கமாக ஊதினாள். போகவில்லை. ஹெல்மெட் கிளப்புடையது, அவளுக்கு முன்னால் யார் யாரோ போட்டது, உள் பஞ்சில் யாரோ ஒருத்தியின் தேங்காயெண்ணெய் ஊறிக் காறிப்போய்க் கிடந்தது. அவள் கல்யாணமாகிப் போயிருப்பாள், பிள்ளை பெற்றிருப்பாள், எண்ணெய் மட்டும் போகவில்லை. அந்தக் காறல் வாடைக்குள் தலையை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒருத்தியின் காலை உடைக்க வேண்டும். அதற்குத்தான் முப்புடாதி வந்திருந்தாள். கோடைக் கோப்பைக்காக இல்லை, ஊர் கிளப்புக்காக இல்லை, ஜெயித்தால் பேச்சி அக்கா வாங்கித் தருவதாகச் சொன்ன ரோஸ் மில்க்குக்காகவும் இல்லை. நீல ஜெர்சியில் ஒன்பதாம் நம்பர் போட்டு ஓடுகிறாளே ஜெனோவா, விளையாட்டு விடுதிக்காரி, அவளுடைய இடது கணுக்கால். ஷின் கார்டு முடிகிற இடத்துக்கும் ஷூ தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் கொஞ்சம் வெறுங்கால் தெரியும். அங்கே.

அதற்கு விதியில் இடம் இருக்கிறது. கீப்பராக நிற்பதில் இருக்கிற ஒரே சௌகரியம் அது. கோலைச் சுற்றிச் சுண்ணாம்பில் வளைவாக ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதற்குப் பெயர் டி; ஒருத்தி பந்தோடு தனியாக அந்த டிக்குள் வந்தால் கீப்பர் ஓடிப்போய்ச் சரிந்து விழலாம், வெட்டின மரம் மாதிரி முழு உடம்பையும் குறுக்கே போடலாம். பேட் முதலில் பந்தில் பட்டுவிட்டால் போதும். அப்புறம் வந்தவள் கால் மாட்டியது, மடங்கியது, முறிந்தது என்றால் அம்பயர் கையை விரிப்பார், விளையாட்டுல இதெல்லாம் சகஜம்தானேம்மா என்பார். இதை முப்புடாதி எத்தனை தடவை செய்து பார்த்திருக்கிறாள். அவள் வேலை பார்க்கிற பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிற மெஷின் டப்பாவைக் கடகடவென்று குலுக்கும் நேரம் முழுக்க அவள் ஓடிப்போய்ச் சரிந்து அந்தக் கணுக்காலை உடைப்பாள்; மெஷின் நிற்கும்; மூடியைத் திறந்து, இதானா அண்ணே நீங்க கேட்ட கலரு, என்பாள். பஸ்ஸில் உடைத்தாள். பல் தேய்த்துக்கொண்டே உடைத்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமும் பிசகாமல் உடைந்தது. சத்தம்கூட அவளுக்குத் தெரியும், காய்ந்த முருங்கைக் கொப்பை முட்டியில் வைத்து ஒடிக்கிற சத்தம். ஜெனோவா மண்ணில் உருண்டு அம்மா என்பாள். முப்புடாதி ஹெல்மெட்டைக் கழற்றாமல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒன்றும் பேச மாட்டாள். இல்லை, ஒரு தடவை பேசினாள், இது வார்மப் இல்லட்டி என்று. ரொம்ப சினிமாவாக இருந்தது, அடுத்த தடவையிலிருந்து அதை எடுத்துவிட்டாள்.

வார்மப். சற்று முன்னால் நடந்த வார்மப்பில் அவள் ஒன்றைக்கூட விடவில்லை. கோலுக்குப் பின்னால் ஆட்டோவை நிறுத்தி அதன் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்த ஆள் ஒருவர், யம்மா தாயி, கோட்டைச் சுவரு மாதிரில்லா நிக்க, இன்னைக்கு ஒரு ஈ உள்ள போகாது போலுக்கே, என்று கத்தினார். அவருக்குத் தெரியாது. அது ஒரு வழக்கம். எந்த ஊர் கிளப்பிலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். மேட்ச்சுக்கு முன்னால் அடிக்கிறவள் கோலுக்கு அடிக்கக் கூடாது, கீப்பருக்கு அடிக்க வேண்டும். பேட்டில் படுகிற மாதிரி, கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, கை எட்டுகிற உயரத்தில் ஒன்றிரண்டு. பந்து பட்டுத் தொப் தொப்பென்று கேட்கக் கேட்கக் கீப்பருக்கு உடம்பு இளகும், தைரியம் வரும். கீப்பர் பயந்தாங்கொள்ளி என்றால் இன்னும் மெதுவாக, இன்னும் நேராக. பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுதான், வேறொன்றுமில்லை. ஆ காட்டு, ஆ காட்டு. பார்க்கிறவனுக்கு அவள் பாய்ந்து பாய்ந்து தடுக்கிற மாதிரி இருக்கும். மேட்ச்சில் யார் ஊட்டுவார்? மேட்ச்சில் பந்து ஏழெட்டுக் காலுக்கு நடுவிலிருந்து வரும், அடித்தவள் முகம் தெரியாது, நடுவில் ஒருத்தி மட்டையை நீட்டித் திருப்பிவிடுவாள், இந்த மண் மைதானத்தில் ஒரு சரளைக்கல் போதும், காலுக்கு வந்த பந்து காதுக்குப் போகும்.

ஆனால் மேட்ச்சில் அவள் கோல் வாங்குவதற்கு அது மட்டும் காரணம் இல்லை. அது மட்டும்தான் என்றால் எல்லாக் கீப்பரும் அப்படித்தானே இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் தங்கப்பழம் ஒரு காரணம் சொன்னார். நீ யோசிக்கெ பிள்ள, கீப்பருன்னா யோசிக்கப்படாது. அன்றிலிருந்து முப்புடாதி யோசிக்கக் கூடாது யோசிக்கக் கூடாது என்று யோசிக்க ஆரம்பித்தாள். அப்புறம் அவரே, வெறும் வயித்தோட நிக்கதுதான் காரணம், வாழப்பழம் தின்னு, என்றார். தின்றாள். கோலும் வாங்கினாள், ஏப்பமும் வந்தது. அம்மா சொன்னாள், வார்மப்புலயே எல்லாத்தையும் பிடிச்சிக் காட்டுனா ஊர்க் கண்ணு படாமலா இருக்கும், கொஞ்சம் விட்டுப் பிடியேன். அதையும் செய்து பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்மப்பில் வேண்டுமென்றே நாலைந்தை உள்ளே விட்டாள், மேட்ச்சில் வேண்டாமலே நாலைந்து உள்ளே போனது. யார் சொன்னதும் சரியில்லை. அவளுக்குத் தெரியும், இங்கே நின்று நின்று தெரிந்துகொண்டது. வார்மப்பில் ஒரு பந்து, உடனே அடுத்த பந்து, உடனே அடுத்தது, மூச்சு விடத்தான் நேரம். பயம் வந்து உட்காருவதற்கு இடமே இருக்காது. மேட்ச்சில் பந்து வராது. வராமலே இருக்கும். எல்லோரும் ஓடுவார்கள், வேர்ப்பார்கள், ஒருத்தியை ஒருத்தி திட்டுவார்கள், கீப்பர் மட்டும் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நிற்பாள். அந்த நேரத்தில்தான் எல்லாம் வரும். உடை மாற்றுகிற ஷெட்டில் மறந்துவிட்டு வந்த தண்ணீர் பாட்டில் வரும், கடை முதலாளி நேற்று ஏன் அப்படிப் பார்த்தார் என்பது வரும், பழைய கோல்கள் ஒவ்வொன்றாக வரும், அப்புறம் அந்தச் சிரிப்பு வரும். இதெல்லாம் வந்து நிறைந்து வழிகிற நேரத்தில் திடீரென்று பந்து வரும். பந்து வரும்போது அவள் பந்துக்குப் பயப்படுவதில்லை. சத்தியமாக இல்லை. பந்து வராத நேரம்தான் அவளைத் தின்றது.

"ஏ பிள்ள! தூங்கிட்டியா? வலது பக்கம் பாரு, வலது பக்கம்!" பேச்சி அக்காதான். ஃபுல் பேக், முப்புடாதிக்கு முன்னால் கடைசி ஆள், ரெண்டு பிள்ளை பெற்றவள், வயிறு இன்னும் இறங்கவில்லை, ஆனால் அவள் மட்டையைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக இந்த ஜில்லாவில் ஆள் கம்மி. பந்து இந்தப் பக்கம் உருண்டு வந்துகொண்டிருந்தது, நீல ஜெர்சி ஒன்று பின்னால் ஓடிவந்தது, ஒன்பதா, இல்லை, நாலு. பேச்சி அக்கா குறுக்கே போய்ப் பந்தை ஒரே சாத்தாகச் சாத்தி வெளியே அனுப்பினாள். "ஏன்க்கா, ஆளையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்லா?" என்று ஆட்டோக்காரர் கத்த, பேச்சி அக்கா திரும்பிப் பார்க்காமல், "அடுத்தது உம்ம ஆட்டோதான், சூதானமா இரும்," என்றாள். பிறகு முப்புடாதி பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "என்னட்டி, மொகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" "ஹெல்மெட்டுக்குள்ள உங்களுக்கு என்ன தெரியுது?" "நிக்க நிப்பு தெரியுதுல்லா. ஒன்பது நம்பர்காரியவே பாத்துக்கிட்டிருக்க. அவ என்ன ஒங்கிட்ட கடன் வாங்கிட்டுப் போனாளா?" முப்புடாதி ஹெல்மெட்டை வேறு பக்கம் திருப்பினாள். "பந்தப் பாருட்டி," என்று சொல்லிவிட்டு அக்கா ஓடினாள். பந்தைப் பார். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். பந்துக்கும் எனக்கும் என்ன பகை?

பகை ரெண்டு வருஷத்துக்கு முந்தியது. பள்ளிக்கூட ஃபைனல். அன்றைக்கு ஜெனோவாவும் அவளும் ஒரே டீம், ஒரே பெஞ்ச், டிபன் பாக்ஸ்கூட மாற்றி மாற்றித் தின்பார்கள். பந்தல் போட்டு, பிளாஸ்டிக் சேரில், விடுதிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். வார்மப்பில் முப்புடாதிக்கு அடித்தது ஜெனோவா. எப்போதும் அவள்தான் அடிப்பாள், வேறு யார் அடித்தாலும் முப்புடாதிக்குச் சரிவராது. எவ்வளவு அழகாக அடிப்பாள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். முப்புடாதி எந்தக் காலை எந்த நேரம் தூக்குவாள் என்று அவளுக்குத் தெரியும், தூக்குகிற காலில் கொண்டுவந்து போடுவாள், தடுத்ததும் "சூப்பர்ட்டி! போடு! இன்னொண்ணு!" என்று அவளே கைதட்டுவாள். பந்தலில் ஒரு பெரியவர் சேரை முன்னால் இழுத்துப் போட்டார். மேட்ச் தொடங்கியது. பந்து வரவில்லை. வரவில்லை. வந்தது, உள்ளே போனது. மூன்று கோல். முதல் கோல் காலுக்கு நடுவில், ரெண்டாவது அவள் கிளவுஸில் பட்டு அவளாலேயே உள்ளே போனது, மூன்றாவதை அவள் பார்க்கவே இல்லை. மூன்றையும் ஒப்புக்கொள்கிறாள், அதில் ஒன்றும் மறைக்க இல்லை. முடிந்ததும் அந்தப் பெரியவர் தங்கப்பழம் சாரிடம் கேட்டார், அந்தக் கீப்பர் பிள்ள வார்மப்புல என்னமா எடுத்துச்சு, மேட்ச்சுல என்னாச்சு? சார் வாயைத் திறப்பதற்குள் ஜெனோவா, ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே, சாதாரணமாக, நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். "அவ வார்மப் ராணி சார். மேட்ச்சுன்னா அவளுக்கு லீவு." பந்தலே சிரித்தது. கலர் குடித்த ஒருத்தருக்குப் புரையேறியது. தங்கப்பழம் சாரும் சிரித்தார், அவர் சிரித்திருக்க வேண்டாம். முப்புடாதி நாலடி தள்ளி நின்று பேட் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வார் கழலவில்லை. அதையே இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஊட்டினவளே சொன்னாள், இவளுக்குத் தானாகத் தின்னத் தெரியாது என்று. அதுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பாள், அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பாள். அன்றைக்கு ராத்திரிக்குள் பேர் ஒட்டிக்கொண்டது. வகுப்புக்குள் நுழைந்தால் ராணி வாராக ராணி வாராக. யாரோ அவள் பாய்ந்து கிடக்கிற போட்டோவுக்குக் கிரீடம் வைத்து ஸ்டேட்டஸ் போட்டான், அதை ஜெனோவாவும் பார்த்தாள், சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினாள். ஜெனோவாவுக்கு விடுதியில் இடம் கிடைத்தது, பாலும் முட்டையும் புது ஷூவும் கிடைத்தன, முப்புடாதி பிளஸ் டூ பாதியில் நின்றாள். இந்தப் பேரால்தான் நின்றேன் என்று வீட்டில் சொன்னாள், அம்மா நம்பினாள், அவளும் கொஞ்ச நாள் நம்பினாள். உண்மையில் கணக்கு அவளுக்கு வரவே இல்லை, கெமிஸ்ட்ரி அதைவிட மோசம், ஃபைனல் ஜெயித்திருந்தாலும் நின்றிருப்பாள். அது வேறு. அதற்காகப் பகை இல்லாமல் போய்விடுமா? ஒருத்தி மேல் வஞ்சம் வைக்க எல்லாக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லையே. பெயிண்ட் கடையில் எல்லா வெள்ளையும் வெள்ளை இல்லை, ஒரு சொட்டுக் கறுப்பு விட்டுத்தான் கலக்குவார்கள், விட்டது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுவரில் அடித்தால் தெரியும். அவளுக்குள் அந்தச் சொட்டு இருந்தது. சாப்பிடும்போது, சிரிக்கும்போதுகூட இருந்தது.

இன்றைக்கு வார்மப் முடிந்து கோட்டைக் கடந்து ஜெனோவா ஓடிவந்தாள். கட்டிப் பிடிக்கிற மாதிரி வந்தாள், ஆளே மாறியிருந்தாள், தொடை ரெண்டும் தேக்கு மாதிரி, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். "முப்பு! உயிரோடதான் இருக்கியா? போனு மாத்திட்டியா, ஒரு மெசேஜாவது போட்டியா எருமை!" என்றாள். முப்புடாதி, வேல இருந்துச்சு, என்றாள். இவ்வளவுதான் வந்தது. ரெண்டு வருஷம் மென்ற வாயில் இந்த ரெண்டு வார்த்தைதான் வந்தது. ஜெனோவா ஓடிப்போய்விட்டாள். அந்த எருமையில்தான் இப்போது வந்து சிக்கிக்கொண்டிருக்கிறது மனசு. கெட்டவளாக வந்திருக்கலாமே. முகத்தைத் திருப்பிக்கொண்டு, புது ஷூவைக் காட்டிக்கொண்டு, என்ன ராணி சௌக்கியமா என்று வந்திருக்கலாமே. எருமை என்றாள், பழைய எருமை. நடிக்கிறாளா? குற்ற உணர்ச்சியா? இல்லை, ஒருவேளை அவளுக்கு ஞாபகமே இல்லையோ? இல்லை. அது இருக்க முடியாது. அப்படியெல்லாம் ஒருத்தி மறக்க முடியாது. அரிப்பு மூக்கிலிருந்து புருவத்துக்குப் போயிருந்தது. வெயில் நேராகக் கம்பிக்குள் வந்தது, தண்ணீர்த் தொட்டி கறுப்பாகத் தெரிந்தது, அதன் அடியிலிருந்து ஒரு நீலம் பிரிந்து வந்தது.

பிரிந்து வந்தது, பந்து அவளுக்கு முன்னால் போனது, யாரோ அந்தக் கோடியிலிருந்து நீளமாகச் சாத்தியிருக்கிறார்கள், பேச்சி அக்கா நடுக்கோட்டுக்கு மேலே ஏறிப் போயிருந்தாள், அய்யோ முப்பு என்று அக்கா திரும்பிக் கத்துவது கேட்டது, ஒன்பது, இந்தத் தடவை ஒன்பதேதான், அவளும் பந்தும், வேறு ஒருத்தரும் இல்லை, முப்புடாதி கேட்ட மாதிரியே, ரெண்டு வருஷமாகக் கேட்ட மாதிரியே, கோட்டை விட்டு இறங்கினாள், ஓடினாள், பேட் ரெண்டும் உரசிச் சரக் சரக்கென்றது, காறல் எண்ணெய் வாடை, மூச்சு, இடது கணுக்கால், கார்டுக்கும் ஷூவுக்கும் நடுவில் அந்த வெறுங்கால், தெரிகிறது, தெரிகிறது, மாநிறமாக, கயிறு ஒன்று கட்டியிருக்கிறாள், எதற்கோ நேர்ந்து கட்டினதாக இருக்கும், இப்போது சரி, இப்போது, மெஷின் குலுங்குகிறது, கொப்பு ஒடியப் போகிறது, ஜெனோவா மட்டையைப் பின்னால் எடுத்தாள், பந்து அவள் வலது பக்கம் ஒரு சாண் விலகியது, அந்த ஒரு சாண், அதை அவள் கண் பார்த்துவிட்டது, பார்க்கச் சொல்லவில்லை, அதுவாகப் பார்த்தது, கால் அதுவாக நீண்டது, கணுக்காலுக்குப் போக வேண்டிய கால் பந்துக்குப் போனது, தொப், பேட்டின் நடு நெஞ்சில், சுத்தமாக, பந்து பக்கவாட்டில் தெறித்து ஓடியது, ஜெனோவா அவள் மேலாகத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் ரெண்டு காலிலும் முழுசாக நின்றாள்.

மைதானம் கத்தியது. ஆட்டோ ஹாரனை யாரோ விடாமல் அடித்தார்கள். "ஏ தங்கம்! ஏ முப்புடாதி! பெத்தா இப்படி ஒண்ணப் பெத்துக்கணும்டே!" என்றது கூரைமேல் குரல். தெறித்த பந்தை யாரோ மறுகோடிக்குச் சாத்த, அதைத் துரத்திக்கொண்டு எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். முப்புடாதி மண்ணில் மல்லாந்து கிடந்தாள். வாழ்க்கையிலேயே அவள் மேட்ச்சில் தடுத்த நல்ல பந்து அது. இவ்வளவு பெரிய துரோகத்தைச் சொந்தக் காலே செய்யும் என்று யார் நினைத்தார்கள்? கடையில் உடைத்தாள், பஸ்ஸில் உடைத்தாள், பல் தேய்க்கும்போது உடைத்தாள், ஒரு தடவை கூடத் தப்பவில்லை, நிஜமாக வந்தபோது பந்தைத் தடுத்துவிட்டுக் கிடக்கிறாள். அப்படியென்றால் அந்த நாய் சொன்னது சரிதானே. பகையில்கூட அவள் வார்மப் ராணிதானே. கண்ணுக்குள் வேர்வை போனது, வேர்வைதான், அழுகை இல்லை, அழுதால் அழுதேன் என்று சொல்லிவிடுவாள், அவளுக்கென்ன வெட்கம்.

கம்பிக்கு மேலே ஒரு கை நீண்டது. இந்தச் சாமான்களைச் சுமந்துகொண்டு கீப்பர் தானாக எழுந்திருப்பது கஷ்டம், யாராவது இழுத்துவிட வேண்டும். ஜெனோவா இழுத்துவிட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, பல்லெல்லாம் தெரிந்தது. "எட்டி! எப்பருந்துட்டி இப்படி வெளிய வர ஆரம்பிச்ச? முன்னல்லாம் கோட்ட விட்டு நகர மாட்டியே!"

"உன் காலை உடைக்க வந்தேன்," என்றாள் முப்புடாதி.

"ச்சீ, போட்டி."

"வெளயாட்டுக்குச் சொல்லல. இடது காலு. அந்தக் கயிறு கட்டியிருக்கேல்லா, அந்த எடம். இங்க வந்ததே அதுக்குத்தான்." குரல் அவளுக்கே ஆச்சரியமாகச் சாதாரணமாக வந்தது, கலர் எத்தனை லிட்டர் வேணும் என்று கேட்கிற குரல். "கால் மாறிப் போச்சு. தப்பிச்சிட்ட. இன்னும் பாதி மேட்ச் கெடக்கு."

ஜெனோவா சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் சிரிப்பு வாயில் மட்டும் மிச்சம் இருந்தது. குனிந்து கணுக்காலைப் பார்த்தாள். நிமிர்ந்து கம்பிக்குள் பார்த்தாள், உள்ளே கண் எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரி. "ஏட்டி முப்பு... நான் ஒன்ன என்னட்டி செஞ்சேன்?"

அவளுக்கு ஞாபகம் இல்லை. நிஜமாகவே இல்லை. அந்த முகத்தில் பொய் இல்லை, நாலு வருஷம் அந்த முகத்தைப் பார்த்தவளுக்குத் தெரியாதா. பந்தல், துண்டு, கலர், சிரிப்பு, ஒன்றும் இல்லை, துடைத்துவிட்ட சுவர் மாதிரி வெறுமையாக நின்றாள். சொல்லிவிடலாம் என்று முப்புடாதிக்கு நாக்கு வரை வந்தது. வார்மப் ராணி என்று ரெண்டு வார்த்தை சொன்னால் போதும், அய்யோ அதுவாட்டி என்பாள், சாரிட்டி என்பாள், கட்டிப் பிடித்தாலும் பிடிப்பாள், அத்தோடு அவளுக்கு விஷயம் முடிந்துவிடும், லேசாகிப் போய் ஓடி கோல் போடுவாள். முடியக் கூடாது. எனக்கு முடியாதது அவளுக்கு மட்டும் எதற்கு முடிய வேண்டும்? சொல்லவில்லை. கிளவுஸ் கையால் மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"யோசி," என்றாள். "பந்து அங்கதான கெடக்கு. நேரம் இருக்குல்லா."

ஜெனோவா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள், அம்பயர் விசிலடித்து, ஏம்மா ஒன்பது, அங்க என்ன பேச்சு, என்றார். போனாள். ஓடவில்லை, நடந்தே போனாள், நடுக்கோடு வரைக்கும் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். முப்புடாதி கோலுக்கு முன்னால் வந்து நின்றாள். பந்து வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் டக் டக். மட்டையால் தரையைக் கீறினாள். ஆட்டோக்காரர் யாருக்கோ போன் போட்டு ஒரு பிள்ளை பந்தைத் தடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், அதில் அவள் ஆறடி உயரம் ஆகியிருந்தாள். இப்போது அவளுக்கு யோசிக்க ஒன்றும் இல்லாமல் இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள், பந்தை இல்லை, ஒன்பதைத்தான். நடுவில் நின்றுகொண்டிருந்தது ஒன்பது. எல்லோரும் பந்துக்குப் பின்னால் ஓட, அவள் மட்டும் இடுப்பில் கை வைத்து, குனிந்து, கணுக்காலில் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, நிமிர்ந்தாள். அவளுடைய கோச் கோட்டுக்கு வெளியிலிருந்து, ஜெனோவா, எங்க இருக்க நீ, கனவு காண்றியா, என்று கத்தினார்.

பிறகு வந்தது. நீல ஜெர்சிக்காரிகள் ரெண்டு பேர் பேச்சி அக்காவை ஏமாற்றிவிட்டு நடுவில் தட்டிவிட்ட பந்து, டிக்குள், காலியான இடத்தில், ஜெனோவாவின் மட்டைக்கு நேராக. குருடிகூட அடிக்கலாம். முப்புடாதி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். ஒரே எட்டுத்தான், ஓடவில்லை, சரியவில்லை. ஜெனோவா தலையைத் தூக்கிக் கம்பியைப் பார்த்தாள். பந்து வந்துகொண்டே இருந்தது, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு அவசரமாக, சூடு பட்டவள் மாதிரி, அதைத் தொட்டுப் பின்னால் யாரும் இல்லாத பக்கம் தள்ளிவிட்டு இடது காலை இழுத்துக்கொண்டாள். பேச்சி அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து அந்தப் பந்தைச் சாத்தி வெளியே அனுப்பினாள். "என்னட்டி இது, கையில குடுத்ததக் கீழ போட்டுட்டுப் போறா? ஒடம்புக்குச் சரியில்லையா அவளுக்கு?" என்று கேட்டாள். முப்புடாதி, தெரியலக்கா, என்றாள். நாக்கில் என்னவோ இனித்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இனித்தது.